கலிபோர்னியா கவுன்டிகளில் கைதுப் பதிவுகளைப் பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைதுப் பதிவைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். நேற்றிரவு காவலர்கள் அழைத்துச் சென்ற உறவினர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டியவர் ஒரு வகை. என்றோ நடந்து முடிந்த ஒரு கைதின் சான்றை வேலைக்காகவோ குடியுரிமை விண்ணப்பத்துக்காகவோ தேடுகிறவர் இன்னொரு வகை. இருவரும் ‘கைதுப் பதிவு’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியவை வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இருக்கும் வெவ்வேறு ஆவணங்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தமிழர்கள் மிகுதியாக வாழும் கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டு விடைகள் தரப்பட்டுள்ளன.

கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றதுதானா?

பரப்பளவில் ஏறக்குறைய அப்படி நினைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் அப்படி அல்ல. கலிபோர்னியாவில் 58 கவுன்டிகள் உள்ளன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களும், மலைப்பகுதியான ஆல்பைன் கவுன்டியில் வெறும் 1,204 பேரும் வாழ்ந்தார்கள். ஆல்பைனுக்குச் சொந்தமாகச் சிறைகூட இல்லை. அங்கே கைதாகிறவர்களைப் பக்கத்துக் கவுன்டிச் சிறையில்தான் வைக்கிறார்கள். கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் மேலிடத்தால் நியமிக்கப்படுகிறவர் அல்லர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. ஆகவே, ஒரு கவுன்டியில் இணையத்திலேயே கிடைக்கும் விவரம் அடுத்த கவுன்டியில் நேரில் போய்க் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை இருப்பதில் வியப்பில்லை.

‘கைதுப் பதிவு’ என்று எந்த ஆவணத்தைச் சொல்கிறார்கள்?

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒருவர் கைதானதும் குறைந்தது மூன்று இடங்களில் அவரைப் பற்றிய தாள்கள் உருவாகின்றன.

முதலாவது, சிறையில் சேர்க்கும்போது எழுதப்படும் பதிவு. ‘புக்கிங்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பெயர், உடல் அடையாளங்கள், சேர்த்த நேரம், சாட்டப்பட்ட பிரிவுகள், பிணைத்தொகை ஆகியவை இதில் இருக்கும். இரண்டாவது, கைது செய்த காவலர் எழுதும் அறிக்கை. இது கைது செய்த துறையிடம் இருக்கும். அந்தத் துறை நகரக் காவல்துறையாகவோ, நெடுஞ்சாலைக் காவல்துறையாகவோ, ஷெரிஃப் அலுவலகமாகவோ இருக்கலாம். மூன்றாவது, கவுன்டியின் அரசுத்தரப்பு வழக்குரைஞரான மாவட்ட வழக்குரைஞர் குற்றச்சாட்டைத் தாக்கல் செய்த பிறகு கவுன்டியின் சுப்பீரியர் நீதிமன்றத்தில் தொடங்கும் வழக்குக் கோப்பு. பெயரைப் பார்த்து இதை நம் உயர் நீதிமன்றத்தோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. வழக்கு முதன்முதலில் விசாரிக்கப்படும் இடம் இதுதான்.

இவை மூன்றுக்கும் அப்பால், ஒருவருடைய கைதுகளையும் தண்டனைகளையும் கைரேகையோடு இணைத்து மாநில நீதித்துறை வைத்திருக்கும் முழுக் குற்ற வரலாறு ஒன்று உண்டு. அது பொது ஆவணம் அன்று. சட்டம் அனுமதித்த அமைப்புகளுக்கும் அந்த நபருக்கும் மட்டுமே தரப்படும். உரிமையில்லாத ஒருவருக்கு அதைக் கொடுப்பதே குற்றம்.

சிறைப்பதிவு ஒருவர் பிடிபட்டார் என்பதைச் சொல்லும். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை நீதிமன்றக் கோப்புத்தான் சொல்லும். குற்றச்சாட்டே தாக்கலாகாத கைதுகளும், தாக்கலாகிப் பின்னர் தள்ளுபடியானவையும் ஏராளம். முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டுவது, ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்த ரசீதைப் பார்த்து நோயைச் சொல்வதற்குச் சமம்.

உறவினர் கைதாகிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கைது எந்த ஊரில் நடந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு எங்கே இருக்கிறது என்பது இங்கே பொருட்டல்ல. சன்னிவேல் நகரமும் ஃப்ரீமான்ட் நகரமும் காரில் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் முன்னது சான்டா கிளாரா கவுன்டியையும் பின்னது அலமீடா கவுன்டியையும் சேர்ந்தவை. முன்னதில் பிடிபட்டவரைச் சான் ஹோசேயில் உள்ள சிறையிலும், பின்னதில் பிடிபட்டவரை டப்ளின் நகரத்து சான்டா ரீட்டா சிறையிலும் தேட வேண்டியிருக்கும். பெரிய கவுன்டிகள் பெரும்பாலும் சிறையில் இருப்பவர்களைப் பெயர் வைத்துத் தேடும் இணையப் பக்கத்தை நடத்துகின்றன. அதில் காணாவிட்டால் சிறைக்கே தொலைபேசியில் பேசிக் கேட்கலாம். புக்கிங் முடியப் பல மணி நேரம் ஆவது வழக்கம் என்பதால் முதல் சில மணி நேரத்தில் பெயர் தென்படாவிட்டால் பதற வேண்டாம்.

சிறு குற்றங்களுக்குப் பல நேரங்களில் சிறைக்கே கொண்டுபோகாமல், நீதிமன்றத்தில் ஆஜராகும்படி சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவரின் பெயர் சிறைப்பட்டியலில் வராமல் போகலாம். சிறையில் வைக்கப்பட்டவரை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அதற்குள் குற்றச்சாட்டுத் தாக்கலாகாவிட்டால் பெரும்பாலும் விடுவிக்கப்படுவார். நீதிமன்ற நேரத்தையும் கணக்கில் கொண்டால், வெள்ளி இரவு பிடிபட்டவர் திங்கள் அல்லது செவ்வாய் வரை காத்திருக்க நேரலாம்.

பெயரைச் சரியாகத்தான் தட்டச்சு செய்கிறேன். ஏன் கிடைக்கவில்லை?

நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. குடும்பப்பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லாததால் தந்தை பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்; சிலருக்கு அது தலைகீழாகவும் இருக்கும். செல்வகுமார் முருகேசன் என்பவரை ‘முருகேசன்’ என்று தேடிக் கிடைக்காவிட்டால் ‘செல்வகுமார்’ என்பதைக் குடும்பப்பெயராக இட்டுத் தேடிப் பாருங்கள். கடவுச்சீட்டில் இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்தே முதற்பெயராகிவிடுவதுண்டு. ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. சிறைப்பதிவிலும் அப்படியே ஏறியிருக்கலாம். எழுத்துக்கூட்டலிலும் வழுக்கல் உண்டு: ழகரத்தை ஒருவர் ‘இசட் எச்’ என்றும் மற்றொருவர் ‘எல்’ என்றும் எழுதுவார். நீண்ட பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுவது நல்ல வழி. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் புக்கிங் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெயரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ‘குமார்’ என்ற குடும்பப்பெயரோடு வந்த பதிவு நீங்கள் தேடும் குமாருடையதுதான் என்பதற்கு என்ன உறுதி? பிறந்த தேதி, உயரம், எடை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சட்டப்படி எந்தெந்த விவரங்களை வெளியிட்டாக வேண்டும்?

கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2004இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இந்த உரிமை மாநில அரசமைப்பிலும் இடம்பெற்றது. 2023 சனவரி முதல் சட்டம் புதிய எண்களோடு மறுவரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், பழைய கட்டுரைகளில் 6254 என்று காணப்படும் பிரிவை இப்போது 7923.600 முதலான எண்களில் தேட வேண்டும்.

கைதான ஒவ்வொருவரின் முழுப்பெயர், தொழில், பிறந்த தேதி உள்ளிட்ட உடல் அடையாளங்கள், கைதான நாள், நேரம், இடம், புக்கிங் நேரம், கைதுக்கான சூழ்நிலை, பிணைத்தொகை, விடுவிக்கப்பட்ட நேரமும் விதமும், இன்னும் உள்ளே இருந்தால் வைக்கப்பட்டுள்ள இடம், பிற ஊர்களில் நிலுவையில் இருக்கும் வாரண்டுகள் உள்ளிட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளும் என நீண்ட பட்டியலையே சட்டம் தருகிறது. ஒருவரின் பாதுகாப்புக்கோ விசாரணைக்கோ கேடு வரும் என்றால் மட்டும் அந்தந்த விவரத்தை நிறுத்திவைக்கலாம்.

காவலரின் முழு அறிக்கை இந்தப் பட்டியலில் இல்லை. விசாரணை ஆவணங்களைத் தர மறுக்கும் உரிமை காவல்துறைக்கு உண்டு. வழக்கு முடிந்த பிறகும் அந்த உரிமை தொடரும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மட்டும் இதில் தனி வழி உண்டு.

கைதானவரின் வீட்டு முகவரி வேறு கதை. ஆய்வு, இதழியல், அரசியல், அரசுப்பணி அல்லது உரிமம் பெற்ற துப்பறிவாளரின் பணி ஆகியவற்றுக்காகவே கேட்பதாகவும், எதையும் விற்கப் பயன்படுத்தப்போவதில்லை என்றும், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவதாகவும் உறுதிமொழி தந்தால்தான் அது கிடைக்கும். வழக்கறிஞர்களுக்கும் ஓட்டுநர் பள்ளிகளுக்கும் இத்தகைய முகவரிகளை விற்று வந்த ஒரு நிறுவனம் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் அந்த நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முந்தைய கைது விவரமும் கிடைக்குமா?

இதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இந்த வெளியீட்டுக் கடமை அண்மைக்காலத் தகவல்களுக்கு மட்டுமே பொருந்தும், பழைய வரலாற்றைத் தோண்டித் தருவதற்கு அன்று என்று 1993இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2015இல் சான் டியேகோ நகரம் தொடர்பான வழக்கில் மற்றொரு மேல்முறையீட்டு அமர்வு, சட்டத்தின் சொற்களில் அப்படியொரு காலவரம்பு இல்லை என்று மாறுபட்டது. நடைமுறையில் பழைய கைதுக்குச் சிறைப்பதிவைத் தேடி அலைவதைவிட நீதிமன்றக் கோப்பைத் தேடுவதே பயனுள்ளது. குற்றச்சாட்டே தாக்கலாகாத பழைய கைதுக்கு நீதிமன்றக் கோப்பு இருக்காது; அது உங்களுடைய கைதாக இருந்தால், கீழே சொல்லப்படும் சொந்த வரலாற்று வழிதான் மிச்சம்.

விண்ணப்பிப்பது எப்படி? அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்தான் கேட்க முடியுமா?

குடியுரிமை தேவையில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. 1966ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுத் தகவல் சட்டத்தைச் சுட்டிப் பலர் கவுன்டிக்கு எழுதுகிறார்கள். அது வாஷிங்டனின் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். கலிபோர்னியா பொது ஆவணச் சட்டத்தைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். கைதானவரின் பெயர், தோராயமான தேதி, கைது செய்த துறை, வேண்டிய விவரம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொன்னால் போதும். ‘அவரைப் பற்றிய எல்லாவற்றையும் தருக’ என்று எழுதுவதைக் காட்டிலும் மேலே சொன்ன பட்டியலைப் பிரிவு எண்ணோடு வரிவரியாகக் கேட்பது விரைவில் பலன் தரும் என்பது என் கருத்து.

தர இயலுமா இயலாதா என்ற முடிவைப் பத்து நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மேலும் பதினான்கு நாள்கள் வரை நீட்டிக்கலாம். இது முடிவைச் சொல்வதற்கான கெடுவே தவிர, தாளைக் கையில் கொடுப்பதற்கான கெடு அன்று. கட்டணம் பொதுவாக நகல் எடுக்கும் நேரடிச் செலவு மட்டும்தான்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு என்று தனி அதிகாரி இல்லாததால் சுப்பீரியர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வழக்கில் வென்றால் உங்கள் வழக்கறிஞர் செலவை அந்த அலுவலகம் தர வேண்டும் என்பதால், வழக்கறிஞரின் கடிதம் ஒன்று போன உடனேயே கிடைத்துவிடும் தாள்களும் உண்டு.

நீதிமன்றக் கோப்பை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

குற்ற வழக்குகளில் பெரும்பாலும் முடியாது. மாநில நீதிமன்ற விதிகளின்படி வழக்குப் பட்டியலையும் நடவடிக்கைக் குறிப்பையும் இணையத்தில் தரலாம்; ஆனால் குற்ற வழக்கின் ஆவணங்களை மின்வடிவில் நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள கணினியில்தான் பார்க்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். பத்து நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர்.

பிறந்த தேதியை வைத்துத் தேடும் வசதி முன்பு பல நீதிமன்ற இணையத்தளங்களில் இருந்தது. 2021இல் ரிவர்சைடு கவுன்டி தொடர்பான வழக்கில், பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ இட்டுத் தேட விடுவது நீதிமன்ற விதிக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து மற்ற நீதிமன்றங்களும் அந்த வசதியை எடுத்தன. மீண்டும் அனுமதிக்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2022இல் திருப்பி அனுப்பிவிட்டார். தனியுரிமைக்கு இது நன்மைதான். ஆனால் ஒரே பெயர் கொண்ட பலரில் ஒருவரைப் பிரித்தறிவது கடினமாகிவிட்டது. அந்தச் சுமை பொதுவான பெயர் உடையவர்கள் தலையில்தான் விழுகிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பதிவுகள்?

அவை இரகசியமானவை. பெற்றோருக்கும் அவர்களின் வழக்கறிஞருக்கும் வழி உண்டு. பொதுமக்களுக்குப் பொதுவாக நீதிமன்ற அனுமதியின்றிக் கிடைக்காது.

கைதுப் புகைப்படத்தையும் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் ஷெரிஃபின் விருப்பம். சான் பிரான்சிஸ்கோ காவல்துறை 2020 முதல் பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலன்றிப் படம் வெளியிடுவதில்லை. வன்முறையற்ற குற்றத்துக்காகக் கைதானவர்களின் படங்களைக் காவல்துறை தன் சமூக ஊடகப் பக்கங்களில் பகிர்வதற்கு 2022 முதல் மாநிலச் சட்டமே கட்டுப்பாடு விதித்திருக்கிறது. படத்தை இணையத்தில் போட்டுவிட்டு, எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் தொழிலை 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடை செய்தது.

மற்ற மாநிலங்கள் இப்படி அல்ல. நியூயார்க் 2019இல் கைதுப் படங்களைத் தனியுரிமைக்குள் கொண்டுவந்தது. ஃப்ளோரிடாவிலோ படமும் விவரமும் உடனுக்குடன் பொதுவெளிக்கு வந்துவிடும். ‘ஃப்ளோரிடா மனிதர்’ என்று தொடங்கும் விசித்திரச் செய்திகள் உலகெங்கும் உலவுவதற்கு, அந்த மாநிலத்தார் மற்றவர்களைவிடக் கோணலானவர்கள் என்பதைவிட அங்கே கைதுத் தாள்கள் எளிதாகக் கிடைப்பதே பெரிய காரணம்.

வேலை கொடுப்பவர் பழைய கைதைக் கேட்கலாமா?

தண்டனையில் முடியாத கைதைப் பற்றிக் கேட்கவோ அதை வைத்து முடிவெடுக்கவோ கலிபோர்னியாவில் பெரும்பாலான முதலாளிகளுக்கு உரிமை இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் கேட்கலாம். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்களை ஒன்றியச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது: தண்டனையாகாத கைதை ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவை பொதுவாகக் குறிப்பிடக் கூடாது. தவறான அறிக்கை வந்தால் அதை அனுப்பிய நிறுவனத்திடம் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாள்களுக்குள் அது மறு ஆய்வு செய்ய வேண்டும். பத்து இருபது டாலருக்கு ‘முழுக் குற்ற வரலாறு’ தருவதாகச் சொல்லும் இணையத்தளங்கள் பெரும்பாலும் பழைய சிறைப்பட்டியல்களைத் திரட்டி வைத்திருப்பவை. தள்ளுபடியான செய்தி அவற்றை எட்டியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

என்னுடைய சொந்தக் குற்ற வரலாற்றை நான் பெறலாமா? அதை மூட முடியுமா?

பெறலாம். மின்முறையில் கைரேகை பதிந்து மாநில நீதித்துறைக்கு விண்ணப்பித்தால் உங்கள் பதிவு உங்களுக்கு அஞ்சலில் வரும். குற்றச்சாட்டே தாக்கலாகாமல் விடுவிக்கப்பட்டிருந்தால், நடந்தது கைது அல்ல, தடுத்து வைத்தல் மட்டுமே என்ற சான்றைக் கைது செய்த துறையிடம் கேட்கலாம். இப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தண்டனையில் முடியாத கைதைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு மூடும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யும் உரிமை 2018 முதல் விரிவாகியிருக்கிறது. குற்றத்தில் உண்மையிலேயே தொடர்பில்லை என்று நிறுவுகிறவர் பதிவை அழிக்கவே கோரலாம். அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக் கெடு உண்டு.

பதிவை மூடிவிட்டால் குடியேற்ற விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இந்த நினைப்பு மிக ஆபத்தானது. குடியுரிமை விண்ணப்பம் எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கும்போது, மாநில நீதிமன்றம் மூடிய கைதையும் அழித்த கைதையும் சேர்த்தே கேட்கிறது. மறைத்தது தெரிந்தால் கைதைவிட அந்த மறைப்பே பெரிய தடையாகிவிடும். ஆகவே மூடும் மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன்பே வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும் சான்றிட்ட நகல்களை நீதிமன்றத்திலிருந்து இரண்டு மூன்றாவது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மூடிய பிறகு அதே தாளுக்கு அலைய வேண்டிவரும். பணி விசாவில் இருப்பவர்கள் வெளிநாடு செல்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாகலாம்.

கைதான செய்தி தெரிந்ததும் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து என்று பணம் கேட்டு அழைப்பு வருகிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். சிறைப்பட்டியல் பொதுவெளியில் இருப்பதால் கைதானவரின் பெயர், குற்றச்சாட்டு, பிணைத்தொகை எல்லாம் மோசடிக்காரருக்கும் தெரியும்; அவர் சரியாகச் சொல்வதே அவர் அதிகாரி என்பதற்குச் சான்றாகாது. பரிசு அட்டையாகவோ கைப்பேசிப் பணமாற்றமாகவோ பிணை கேட்கும் ஷெரிஃப் அலுவலகம் எங்கும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, சிறையின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். புக்கிங் எண் கையில் இருந்தால் பிணை எவ்வளவு, எங்கே கட்டுவது என்பதை அங்கேயே சொல்லிவிடுவார்கள்.